விலகுவதற்கான காரணம்

அருள்புரம்
11.6.2007, திங்கள்

தம்பி ஈஸ்வரனுக்கு,

காலையிலிருந்து ஒன்பது தடவை போன் அடித்துவிட்டாய். வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை. போனில் நீ கத்துவாய், நானும் கத்துவேன், நாளைக்கு இரண்டு பேருமே அப்படிச் சொல்லவில்லை என்போம். இருபது வருஷமாகப் பனியன் கம்பெனி வேஸ்ட் துணி வாங்கி விற்கிறேன். வாய்ப்பேச்சை நம்பி ஒரு மூட்டைகூடத் தூக்கியதில்லை. டெம்போ ஓட்டும் மணியனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். பதிலையும் எழுதியே அவனிடம் கொடு.

உன் ஹாஸ்டலில் காணோம் என்று தேடுகிறீர்களே அபிராமி, செக்கிங் பிரிவுப் பிள்ளை, அவள் என்னிடம் இருக்கிறாள். உன் கம்பெனியில் ஏற்றிய வேஸ்ட்டை இங்கே குடோனில் இறக்கும்போது, "ஏனுங்க, ஒரு மூட்டை தானா எந்திரிச்சு நிக்குதுங்க!" என்று மணியன் அலறினான். போய்ப் பார்த்தால் மூட்டைகளுக்கு நடுவில் இந்தப் பிள்ளை. காலில் செருப்பு இல்லை. மேலே போட்டிருந்த செக்கிங் கோட்டில் பட்டன்கள் எல்லாம் ஓட்டை மாறி மாட்டியிருந்தன.

என்னிடம் அவள் வாய் திறக்கவில்லை. என் பேச்சு அவளுக்கு முதலாளி வீட்டுப் பேச்சாகக் கேட்டிருக்கும். துணி பிரிக்கிற கருத்தம்மா உசிலம்பட்டிப் பக்கம், இவள் ஊருக்கு அடுத்த ஊர். "என்னாத்தா, யாருடி ஒன்னைய இப்புடிப் பண்ணுனது?" என்று அவள் கேட்ட பிறகுதான் அழுகையே வந்தது. நேற்று ஞாயிற்றுக்கிழமை ஹாஸ்டல் பிள்ளைகளை எல்லாம் பஸ்ஸில் சந்தைக்குக் கூட்டிப் போயிருக்கிறீர்கள். இவளை மட்டும் ஸ்டோர் ரூமில் துணி ரோல் எண்ண வேண்டும் என்று நிறுத்திவைத்தது பூபதி. உன் மச்சினன். உன் சூப்பர்வைசர். நடந்ததை நான் இதில் எழுத மாட்டேன். அது அவள் சொல்ல வேண்டியது, சொல்ல வேண்டிய இடத்தில்.

மதியம் பெண் டாக்டரிடம் கூட்டிப் போய் வந்தேன். எழுத வேண்டியதை அவர் எழுதிக்கொண்டார். போலீஸுக்குப் போகலாமா என்று கேட்டேன். "எங்கய்யாவுக்குத் தெரியக் கூடாது" என்கிறாள், அப்பாவை. அவள் சரி என்று சொல்லாமல் நான் எங்கும் போக மாட்டேன். ஆனால் உன்னிடம் ஒன்று கேட்க அவளுடைய அனுமதி தேவையில்லை. இன்றிலிருந்து பூபதி அந்தக் காம்பவுண்டுக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது. உள்ளே இன்னும் நூற்று நாற்பது பிள்ளைகள் இருக்கிறார்கள்.

வேலாத்தாள்


பல்லடம் ரோடு
12.6.2007

அக்காவுக்கு ஈஸ்வரமூர்த்தி எழுதுவது,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். ராத்திரி சாப்பிடவில்லை.

ஆனால் ஒரு பக்கத்தை மட்டும் கேட்டுவிட்டு முடிவு கட்டுவது உங்கள் வழக்கமில்லையே அக்கா. பூபதியைக் கூப்பிட்டு நேருக்கு நேர் விசாரித்தேன். அந்தப் பிள்ளைக்கும் கட்டிங்கில் வேலை செய்யும் ஒரு பையனுக்கும் பழக்கமாம். இவன் கண்டித்தானாம். அந்தக் கோபத்தில் கதை கட்டுகிறாள் என்கிறான். என் மனைவி தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். அக்காள் தலையில் எவனாவது பொய்ச் சத்தியம் செய்வானா?

அடுத்த மாதம் ஐந்தாம் தேதி வெளிநாட்டுக் கம்பெனி ஆட்கள் ஆடிட்டுக்கு வருகிறார்கள். ஹாஸ்டல், பாத்ரூம், சம்பளச் சீட்டு எல்லாம் பார்ப்பார்கள். இந்த நேரத்தில் போலீஸ் ஜீப் வாசலில் நின்றால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முந்நூறு குடும்பம் இதை நம்பித்தான் இருக்கிறது.

நான் ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு ஹாஸ்டல் நடத்தவில்லை. சாப்பாட்டு ஹால் சுவரில் புகார்ப் பெட்டி வைத்திருக்கிறேன். மாதாமாதம் திறக்கிறோம். இரண்டு வருஷத்தில் ஒரு சீட்டுகூட விழுந்ததில்லை. ரிப்போர்ட்டில் 'புகார் இல்லை' என்றுதான் இருக்கிறது. பூபதி அப்படிப்பட்டவன் என்றால் ஒருத்தியாவது எழுதியிருக்க மாட்டாளா?

அவளுடைய அப்பா ராக்கையாவுக்குத் தகவல் சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை வருகிறார். மூன்று வருஷம் முடிந்தால் கொடுப்பதாகச் சொன்ன கல்யாணப் பணத்தை இப்போதே முழுசாகக் கொடுத்துவிடுகிறேன். பிள்ளையை அவரோடு அனுப்பிவிடுங்கள். பேசி முடித்துக்கொள்ளலாம். அவளுக்கும் அதுதான் நல்லது.

ஈஸ்வரமூர்த்தி


அருள்புரம்
16.6.2007

ஈஸ்வரா,

பூபதி வரக் கூடாது என்று எழுதினேன். உன் பதில் முழுக்கத் தேடினேன், அதற்கு ஒரு வரிகூட இல்லை. முந்நூறு குடும்பத்தைப் பற்றி எழுதியிருக்கிறாய்.

நேற்று ராக்கையா வந்தார். பாவம், நல்ல மனிதர். உன் கணக்குப்பிள்ளையும் கூட வந்தான். அவன் கையில் ஒரு தட்டு. அதில் பட்டுச்சேலை, ஆப்பிள், ஒரு கவர். குடோன் வாசலில் அதை நீட்டினான்.

இதே தட்டை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன். 1978. மணிக்கட்டு உடைந்து, குண்டடத்தில் புருஷன் வீட்டிலிருந்து நம் வீட்டுக்கு ஓடிவந்தேன். அப்பா நாலு பேரை வைத்துப் பேசினார். புதுச்சேலை எடுத்துக் கொடுத்து, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு, அதே வீட்டுக்கு என்னைத் திரும்பக் கொண்டுபோய் விட்டார்கள். அப்புறம் இரண்டு வருஷம் அங்கே இருந்தேன். மறுபடி வெளியே வந்தபோது நான் நம் வீட்டுக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்று இத்தனை வருஷத்தில் நீ கேட்டதில்லை.

தட்டைத் திருப்பி அனுப்பிவிட்டேன். வந்து சேர்ந்திருக்கும்.

ராக்கையா மகளைப் பார்த்து, "கெளம்பு தாயி. ஊருக்குப் போயிருவோம். வெளியில தெரிஞ்சா ஒனக்கு ஒரு நல்லது நடக்குமா?" என்றார்.

"நான் வரலய்யா."

"பெத்தவன் கூப்புடுறேன்."

"நீங்க கூப்புட்டீகன்னுதான இங்கன வேலைக்கு வந்தேன். இப்ப நாஞ் சொல்றதக் கேளுங்க. நான் என்ன தப்புப் பண்ணேன், ராவோட ராவா ஊருக்கு ஓட?"

கணக்குப்பிள்ளை நடுவில் புகுந்து, "பெரியவங்க சொன்னாக் கேக்கோணும் கண்ணு" என்று தேனாகப் பேசினான். கருத்தம்மா துணி மூட்டையிலிருந்து தலையைத் தூக்கி, "ஏய்யா, ஒங்க பெரியவகளுக்கு மச்சினன்கிட்டச் சொல்லத் தெரியலயாக்கும்? எங்க புள்ளகிட்ட மட்டுந்தேன் சொல்லத் தெரியுமோ?" என்றாள். அவன் செருப்பைத் தேடிப் போய்விட்டான்.

ராக்கையா இங்கேதான் இருக்கிறார். இன்று காலையில் மகளுக்கு இட்லி வாங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

கடைசி முறையாகக் கேட்கிறேன். பூபதியை வெளியே போடு.

வேலாத்தாள்


பல்லடம் ரோடு
18.6.2007

அக்காவுக்கு,

கணக்குப்பிள்ளை முன்னால், அதுவும் துணி பிரிக்கிற பொம்பளையை விட்டு என்னை அவமானப்படுத்திவிட்டீர்கள். அதைவிட 1978-ஐ இழுத்தீர்கள். அப்போது எனக்குப் பதினாலு வயது. என்னை என்ன செய்யச் சொல்கிறீர்கள்? அப்பா சொன்னார், உங்கள் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்வரை வந்தேன். அவ்வளவுதான் நான் செய்தது.

நீங்கள் தனியாக நின்று ஜெயித்தீர்கள் என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்கிறவன் நான். அதற்காக என் குடும்பத்தை உடைக்க உங்களுக்கு உரிமை இல்லை. சாந்தாமணி தினமும் அழுகிறாள். தன் தம்பியைக் கம்பெனியை விட்டு அனுப்பினால் ஊரே அவன் தப்புச் செய்துவிட்டான் என்றுதானே பேசும் என்கிறாள். அதில் நியாயம் இல்லையா?

மனதைக் கல்லாக்கிக்கொண்டு எழுதுகிறேன். இனி எங்கள் வேஸ்ட் உங்களுக்கு இல்லை. சனிக்கிழமை ஏற்றியதுதான் கடைசி லோடு. மணியனை வண்டியோடு இங்கே அனுப்ப வேண்டாம்.

பூபதிமேல் ஒரு துண்டுக் காகிதமாவது காட்டுங்கள். அன்றைக்கே அவனை அனுப்பிவிடுகிறேன். பெட்டி காலியாகத்தான் இருக்கிறது. இது நான் கொடுக்கும் வாக்கு.

ஈஸ்வரமூர்த்தி


அருள்புரம்
20.6.2007

ஈஸ்வரா,

உன் வாக்கை எழுத்தில் கொடுத்ததற்கு நன்றி. காகிதம் கேட்டாய். அனுப்பியிருக்கிறேன். மொத்தம் பதினொன்று. எல்லாம் ஜெராக்ஸ்.

எப்படிக் கிடைத்தது என்று சொல்கிறேன், கேட்டுக்கொள். எடை கூட வேண்டும் என்று ஆபீஸ் குப்பையைக் கட்டிங் வேஸ்ட்டோடு சேர்த்து மூட்டையில் திணிப்பது உன் ஆட்களின் பழைய வேலை. உடைந்த நூல் கோன், டீக் கப், காகிதம். இதற்காக உன் கணக்குப்பிள்ளையோடு நான் போடாத சண்டை இல்லை. நீ சொன்ன அந்தக் கடைசி லோடை நேற்றுப் பிரித்தோம். வெள்ளைத் துணி மூட்டையின் அடியில் ஒரு பாலிதீன் பை. அதற்குள் இந்தச் சீட்டுகள். சட்டையில் தொங்கவிடுகிற விலை அட்டை இருக்கிறதே, அதில்தான் எழுதியிருக்கிறார்கள்; ஒரு பக்கம் இங்கிலீஷில் கம்பெனி பெயர், மறுபக்கம் பென்சிலில் உன் பிள்ளைகளின் கையெழுத்து.

"ஸ்டோர் ரூமுக்குத் தனியா அனுப்பாதீங்க சார்."

"பூபதி அண்ணன் ரோல் எண்ணக் கூப்பிட்டா வார்டன் அக்காவும் கூட வரணும்."

"போன தடவை பெட்டியில போட்டத யாரும் படிக்கலையா? மறுபடி எழுதுறேன். அந்த ரூம் கதவுக்கு வெளிய தாப்பாள் இருக்கு. எடுத்துடுங்க."

"எங்கள ஞாயித்துக்கிழமை நிறுத்தி வைக்க வேண்டாம். நாங்க எல்லாரும் சந்தைக்குப் போறோம்."

மற்றதை நீயே படி. மாதாமாதமெல்லாம் திறக்கவில்லை, ஆடிட் வருகிறது என்று இப்போதுதான் பெட்டியைத் திறந்திருக்கிறார்கள். 'புகார் இல்லை' என்று எழுதினால்தான் மார்க் கிடைக்கும். அதனால் உள்ளே இருந்ததைக் குப்பையோடு கொட்டிவிட்டார்கள். கொட்டியவன் படித்தானா என்று தெரியாது. நீ படிக்கவில்லை என்று நம்புகிறேன். படித்துவிட்டு மறைத்திருந்தால் உன்னைக் கெட்டவன் என்று சொல்லிவிட்டு இருந்திருப்பேன். வைத்த பெட்டிக்குள் எட்டிக்கூடப் பார்க்காதவனை என்னவென்று சொல்ல?

அபிராமி அந்த அட்டைகளைத் தரையில் பரப்பி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அதில் ஒன்று அவளே ஏப்ரலில் போட்டது. இன்னொன்றைக் கையில் எடுத்தாள். "இது ஆஷா எழுத்து. எனக்குப் பக்கத்துக் கட்டில்ல படுக்கிறவ. தெனமும் ஒரே தட்டுல சாப்புட்டோம். அவளும் சொல்லல, நானும் சொல்லல" என்றாள். பிறகு எழுந்து முகம் கழுவி வந்தாள். "ஆஷா இன்னும் உள்ளதான இருக்கா? வாங்க, ஸ்டேஷனுக்குப் போவோம்."

ராக்கையா சட்டையை மாட்டிக்கொண்டு எங்களுக்கு முன்னால் போய் டெம்போவில் ஏறினார்.

மகளிர் காவல் நிலையத்தில் மூன்று மணி நேரம். அபிராமியே சொன்னாள். எழுதுகிற அம்மா ஓர் இடத்தில், "இதை இப்படி எழுதட்டுமா, நாசூக்கா இருக்கும்?" என்று கேட்டார். "வேணாம், நாஞ் சொன்ன மாதிரியே எழுதுங்க" என்றாள். அசல் சீட்டுகள் அங்கேதான் இருக்கின்றன.

வேஸ்ட்டை யாருக்கு வேண்டுமானாலும் கொடு. வாங்குகிறவனிடம் மூட்டையின் அடியை நன்றாகப் பார்க்கச் சொல்.

வேலாத்தாள்


பல்லடம் ரோடு
22.6.2007

அக்கா,

பதினொன்றையும் படித்தேன். ஸ்டோர் ரூமுக்குப் போனேன். தாழ்ப்பாள் வெளியில்தான் இருக்கிறது. பத்து வருஷமாக அந்தக் கதவைத் தினமும் கடந்து போகிறேன். உள்ளே நின்று கதவைச் சாத்தச் சொன்னேன். ஒரு நிமிஷம்கூட நிற்க முடியவில்லை.

பூபதி புதன்கிழமை ராத்திரியிலிருந்து இல்லை. எங்கே என்று எனக்குத் தெரியும். இதை எழுதும்போதே என்னை நானே காட்டிக்கொடுக்கிற மாதிரி இருக்கிறது. சாந்தாமணி, "எந்தம்பி எங்கிருக்கான்னு உங்க வாயிலிருந்து வந்துச்சுன்னா நான் எங்கம்மா ஊட்டுக்குப் போயிருவனுங்க, திரும்பி வரமாட்டனுங்க" என்கிறாள். இருபது வருஷம் குடும்பம் நடத்தியவள்.

கம்பெனி பெயர் மட்டும் வெளியே வராமல் பார்க்க முடியுமா? அவன்மேல் கேஸ் நடக்கட்டும், நான் குறுக்கே வரவில்லை. ஆடிட்டைத் தள்ளிப்போட முடியாது.

இன்னொன்று. அந்தப் பிள்ளையை ஒருமுறை பார்க்க வேண்டும். காலில் விழுந்தாவது மன்னிப்புக் கேட்க வேண்டும். அங்கே வரட்டுமா?

ஈஸ்வரன்


அருள்புரம்
23.6.2007

தம்பி,

உன் கடிதத்தை அபிராமியிடம் படித்துக் காட்டினேன். வேண்டாம் என்றாள். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவளாகவே சொன்னாள்: "அவரு வந்து அழுவாரு. அப்புறம் நாந்தான் அவரச் சமாதானப்படுத்தணும். எனக்கு வேற வேல இருக்கு." ஆகவே வராதே. உன் மனச்சுமையை இறக்கி வைக்கிற இடம் அவள் இல்லை.

உனக்கும் ஒரு மகள் இருக்கிறாள் என்று இனி ஊரில் எல்லோரும் உன்னிடம் வந்து சொல்வார்கள். வர்ஷினியை நான் இதில் இழுக்க மாட்டேன். மகள் இருப்பவனுக்குத்தான் இது புரியும் என்றால், இல்லாதவனுக்கு எல்லாம் அனுமதிச் சீட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

கம்பெனி பெயர் வரும். பூபதி உன் மச்சினன் என்பதால் நடந்ததல்ல இது. அவன் கையில் ரோல் எண்ண ஒரு ரூமும், பிள்ளைகளை நிறுத்திவைக்க அதிகாரமும், யாரும் கேட்க மாட்டார்கள் என்ற தைரியமும் நீ கொடுத்தாய். அவனை மட்டும் தூக்கிப் போட்டுவிட்டு அந்த ரூமை அப்படியே வைத்தால் நாளைக்கு வேறொரு பூபதி வருவான்.

என்ன செய்வது என்று கேட்கிறாயா? அவன் இருக்கும் இடத்தை இன்றே எழுதிக் கையெழுத்துப் போட்டு இன்ஸ்பெக்டரிடம் கொடு. சாந்தாமணி போனால் போகட்டும். அவளுக்கு அம்மா வீடு இருக்கிறது, உள்ளே விடுவார்கள். ஸ்டோர் ரூம் கதவையே கழற்றிவிடு. ஹாஸ்டல் கேட் சாவி பிள்ளைகளிடமும் ஒன்று இருக்க வேண்டும். அவர்கள் நினைத்த நேரம் வீட்டுக்குப் பேச ஒரு போன் வை, பக்கத்தில் வார்டன் நின்று கேட்கக் கூடாது. புகார்ப் பெட்டியின் சாவி உன்னிடமும் வேண்டாம், என்னிடமும் வேண்டாம். பிள்ளைகளுக்காக வேலை செய்கிற ஒரு வக்கீல் அம்மா அந்த ஸ்டேஷனில் அறிமுகமானார், அவர் மாதாமாதம் வந்து திறப்பார். ஆடிட்டுக்கு வருகிறவர்கள் முன்னால் என்ன சொல்ல வேண்டும் என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தாதே. ஆர்டர் போனால் போகட்டும். வெள்ளைத் துணி அழுக்கானால் சாயம் ஏற்றி விற்கிற தொழில் தெரிந்தவன்தான் நீ. இதில் அந்த வித்தை செல்லாது.

திங்கட்கிழமை அபிராமி உன் கம்பெனிக்கு வருகிறாள். அவள் டிரங்குப் பெட்டி ஹாஸ்டலில் இருக்கிறது. நான் ஆள் விட்டு எடுக்கிறேன் என்றேன். "மூட்டைக்குள்ள ஒளிஞ்சுதான வெளிய வந்தேன். பெட்டிய எடுக்க கேட்டு வழியாப் போறேன். ஷிப்டு நடக்குறப்பப் போறேன்" என்கிறாள். ராக்கையா கூட வருவார். நான் வரவில்லை, வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

தடுக்காதே.

வேலாத்தாள்


பல்லடம் ரோடு
25.6.2007, திங்கள்

அக்கா,

நான் சனிக்கிழமை சாயங்காலமே எழுதிக் கொடுத்துவிட்டேன். பொங்கலூர்ப் பக்கம் சாந்தாமணி வீட்டாரின் தென்னந்தோப்பில், மோட்டார் ரூமில் வைத்து நேற்று பூபதியைப் பிடித்துவிட்டார்கள். சாந்தாமணி போய்விட்டாள். வர்ஷினி போகவில்லை.

இன்று நடந்ததை நீங்கள் அவளிடம் கேட்டுத் தெரிந்திருப்பீர்கள். ஆனால் என் பக்கத்திலிருந்து எழுத வேண்டும்.

பதினொன்றரைக்கு வந்தாள். கேட்டில் வாட்ச்மேன், "பின்னாடி வழியாப் போ கண்ணு" என்றிருக்கிறான். "ஏன், முன்னாடி வழி அடச்சுருச்சா?" என்று கேட்டுவிட்டு முன்னாடி வழியாகவே ஹாஸ்டலுக்குப் போனாள். பெட்டியோடு திரும்பும்போது பவர் டேபிள் தையல் பிரிவு நடுவிலேயே நடந்து வந்தாள். ராக்கையா பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார். தையல் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. லைன் சூப்பர்வைசர் சத்தம் போட வாயெடுத்தான், நான் கையைக் காட்டி நிறுத்தினேன். நான் இன்று உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான்.

வேலையை விட்டுப் போகும் பிள்ளைகள் ஒரு பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும் அல்லவா, வார்டன் அதை நீட்டினாள். பெயர், ஊர், தேதி, விலகுவதற்கான காரணம். வழக்கம்போல் காரணத்தை வார்டனே 'சொந்த வேலை' என்று நிரப்பி வைத்திருந்தாள். அபிராமி அதன் மேல் ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, பூபதி பெயரையும் அவன் செய்ததையும் எழுதினாள். கட்டத்தில் இடம் பற்றவில்லை. ஓரம் வரைக்கும் எழுதினாள்.

வார்டன் பதறிப்போய், "இதுல இப்பிடியெல்லாம் எழுதக்கூடாதும்மா!" என்றாள்.

"காரணம்னு தான போட்டுருக்கு? இதுதான் காரணம்."

நான் அந்தப் பதிவேட்டை வாங்கி முன் பக்கங்களைப் புரட்டினேன். வயிற்று வலி. திருமணம். சொந்த வேலை. பாட்டிக்கு உடம்பு சரியில்லை. மறுபடியும் வயிற்று வலி. இரண்டு வருஷத்தில் முப்பத்திநாலு பிள்ளைகள். எல்லாம் ஒரே கையெழுத்து, வார்டனுடையது. ஒவ்வொரு மாதமும் கீழே பச்சை மையில் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

அவள் என்னைப் பார்க்கவே இல்லை அக்கா. நான் அங்கே நிற்பது அவளுக்கு ஒரு பொருட்டாக இல்லை. பதிவேட்டை என் கையிலிருந்து வாங்கி, புதுப் பக்கத்தைத் திறந்து மேஜைமேல் வைத்தாள். பேனாவை அதன்மேல் வைத்தாள். பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பி, "நான் போறேன்டி. போகாதவகளும் எழுதலாம்" என்றாள்.

மதியச் சாப்பாட்டுக்கு மணி அடித்தது. யாரும் சாப்பாட்டு ஹாலுக்குப் போகவில்லை. செக்கிங் மேஜையிலிருந்து ஒல்லியாக ஒரு பிள்ளை எழுந்து, கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு முன்னால் வந்தாள். பேனாவை எடுத்தாள். எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். எழுதாமல் நின்றாள். அவள் பின்னால் இன்னும் இரண்டு பேர் வந்து நின்றார்கள். அவர்களும் என்னைத்தான் பார்த்தார்கள்.

எனக்குப் புரிய அவ்வளவு நேரம் ஆனது. வார்டனையும் சூப்பர்வைசரையும் கூட்டிக்கொண்டு நான் வெளியே வந்துவிட்டேன்.

ஈஸ்வரன்